கனவில் மட்டும் வரும் பசி

தம்போயிலிருந்து பொந்தியான் போகும் பஸ்ஸில், மழை ஓய்ந்த காலையில், முன்சீட்டுப் பெண் தன் அக்காளிடம் சொன்னாள்:

“கனவுலதான்க்கா எனக்குப் பசிக்குது.”

“என்ன சாப்பிடுற?”

“ரொட்டி சானாய், முழுசா ரெண்டு. முழிச்சா நாலு வாய் கஞ்சிக்கே வயிறு ரொம்பிடுது. இனிப்பு தொட்டா படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டுது.”

“ஆப்பரேஷன் பண்ணி வயித்தச் சின்னதாக்கி மூணு மாசம்தானே ஆச்சு? பசி திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?”

“வராமலே போயிட்டா? சோத்தப் பார்த்தா யாரு வீட்டுச் சோறோன்னு இருக்குக்கா.”

அக்காள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஈரச் செம்பனை மரங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. இருவரும் கண்ணயர்ந்தார்கள்.

பொந்தியான் கடைவீதியில் மீன் சூப் வாசம் உள்ளே வந்தது. தங்கை கண்விழித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, பசிக்குது.”

பஸ் நிற்பதற்குள் அக்காள் இறங்க எழுந்துவிட்டாள்.