கிணற்றைப் பற்றி நான் எழுதியது

மலாயாவின் ஈப்போவில் மழை பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கும். அதனால் கட்டுரைகளைக் காலையிலேயே எழுதி முடித்துவிடுவேன். நீங்கள் குறித்துக்கொள்ள என் பெயர் கதிரவேலு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்கத்தாவில் அரசியல் சாஸ்திரம் படித்து, இங்கே பத்திரிகையில் எழுதிப் பெயர் எடுத்தவன். வாரந்தோறும் ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் ஒருவர் என் கட்டுரையை வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

1927இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இருளாயி என்ற பால்மரம் வெட்டும் பெண் என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்.

"இதக் குடிச்சுத்தாங்கய்யா லயத்துல நாலு பேரு போயிட்டாங்க. இப்ப எல்லாரும் ரெண்டு கல்லு தூரம் நடந்து மலைத் தண்ணி தூக்குறோம். கெணத்த மூடச் சொல்லி எழுதுங்கய்யா. நீங்க எழுதுனா தொர கேப்பாரு."

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நோய்க்கிருமி நிறைந்தது, குடிக்கவே கூடாது என்று அறிக்கை வந்தது.

அதே வாரம் இன்னொரு செய்தியும் வந்தது. தொழிலாளர் நலனை ஆராய அரசாங்கத்தார் ஒரு குழு அமைக்கிறார்களாம். அதில் தமிழர் ஒருவருக்கு இடமுண்டாம். துரைமாரைப் பகைக்காத, நிதானமான ஆளாக இருக்க வேண்டுமாம். நான் யோசித்தேன். கிணற்றை மூடினால் ஒரு தோட்டம் பிழைக்கும். குழுவில் உட்கார்ந்தால் நூறு தோட்டங்களுக்கு நல்லது செய்யலாம். அறிக்கையை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். கிணற்றில் குறையில்லை, வீண் பீதி வேண்டாம் என்று பத்திரிகையில் எழுதினேன்.

இருளாயி மறுபடி வந்தாள். கோபித்துக்கொண்டு வரவில்லை.

"நெசமாவே குடிக்கலாங்களாய்யா? சின்னவளுக்கு மூணு வயசுதான் ஆகுது."

"பயப்பட வேண்டாம் பிள்ளை. தண்ணியில ஒரு பிழையும் இல்லை."

கும்பிட்டுவிட்டுப் போனாள். லயத்தார் மலைக்கு நடப்பதை விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் பத்தொன்பது பேர் இறந்தார்கள். அவளுடைய சின்னவள் ராக்காயி முதல் வாரமே போய்விட்டாள். துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். இருளாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் சன்னாசிதான் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க என்னங்கய்யா செய்வீங்க. எங்க தலையெழுத்து. நீங்க அழுவாதீங்க."

குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் இருந்தேன். கிணறுகளைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நஞ்சென்று தெரிந்தே குடிக்கச் சொன்னேன். பத்தொன்பது பேரையும் கொன்றவன் நான். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சன்னாசி என் கையைப் பிடித்துக்கொண்டதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவன் கையை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள்.