சொட்டு மருந்து முடியும்வரை

உங்கள் கண்ணாடியின் இடது காம்பில் திருகு தளர்ந்திருக்கிறது சார். குனிந்து எழுதும்போதெல்லாம் சரிந்து மூக்கு நுனிக்கு வருகிறது, நீங்களும் விரலால் தள்ளித் தள்ளி விடுகிறீர்கள். கடையாக இருந்தால் பேசிக்கொண்டே முடுக்கிக் கொடுத்திருப்பேன். இந்த மாதிரிச் சில்லறை வேலைக்கெல்லாம் நான் காசு வாங்குவதில்லை.

என் பெயர் கர்ணன். கம்பம் மெயின் ரோட்டில் இருக்கிற ஓவியா ஆப்டிகல்ஸ் என்னுடையது. ஓவியா என் மகள். திராட்சைத் தோட்டக்காரர்கள், ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்கள், குமுளியிலிருந்து இறங்கி வருகிற மலையாளிகள் எல்லாருக்கும் நான் கண் டாக்டர். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, தொழில் பழகியது மதுரையில் ஒரு கண்ணாடிக் கடையில். ஆரம்பத்தில், “நான் டாக்டர் இல்லப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை. ஊரே கூடிக் கொடுக்கிற பட்டத்தை எத்தனை தடவைதான் திருப்பிக் கொடுப்பது, வைத்துக்கொண்டேன்.

என் மனைவி கஸ்தூரியம்மாள் மஞ்சள் காமாலையில் போனபோது ஓவியா ஒன்றாம் வகுப்பு. போர்டில் எழுதுவது பிள்ளைக்குத் தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியதும் அதே வருஷம்தான். அவளுடைய முதல் கண்ணாடியை நானே செய்து, விழாமல் இருக்கப் பின்னால் எலாஸ்டிக் கட்டி மாட்டிவிட்டேன். கடை வாசலில் நின்று பார்த்தாள். அப்போது போடி பஸ் ஒன்று போனது. “அப்பா, பஸ்ஸுக்குள்ள ஆளுக இருக்காக” என்றாள். அதுவரை அவளுக்கு பஸ் என்பது சத்தம் போட்டுக்கொண்டு போகிற ஒரு பச்சைக் கலர், அவ்வளவுதான். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இந்த ஜென்மத்தில் இன்னொரு முறை படவில்லை.

அப்புறம் தினமும் அதுதான். காலையில் கண் விழித்ததும் அவள் கை தலையணைப் பக்கம் துழாவும். கண்ணாடி அங்கே இருக்காது. தூக்கத்தில் உடைத்துவிடுவாள் என்று என் மேசையில் வைத்திருப்பேன். “அப்பா” என்று கூப்பிடுவாள். துடைத்து எடுத்துப் போய் மாட்டிவிடுவேன். கல்லூரி முடித்து நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த பிறகு, “கண்ணாடி டப்பாவ என் பக்கத்துலயே வச்சுக்கிறேனே” என்று கேட்டாள். வேண்டாம், உடைந்துவிடும் என்றேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை. என்னை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவள்.

இரண்டாயிரத்து நாலில் சின்னமனூர்ப் பையன் ஈஸ்வரபாண்டிக்கு நிச்சயம் செய்தோம். பூனாவில் கம்பெனி வேலை. குறை சொல்ல முடியாத பையன். நானும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடியை எடுக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. லேசர் வேண்டும் என்று கேட்டது ஓவியாதான்.

அவளுக்குச் சுருளி அருவி மேல் ஒரு பைத்தியம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிப் போவேன். “கண்ணாடியக் கழட்டிட்டு அருவிக்குள்ள நின்னா வெள்ளையா ஒரு சத்தந்தாம்ப்பா தெரியுது” என்றாள். “அந்த ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது தண்ணி விழுகுறதப் பாத்துக்கிட்டே நிக்கணும்.”

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த டாக்டர் படம் போட்டுக் காட்டி மூன்று வழி சொன்னார். கருவிழியின் மேல்தோலை மட்டும் வழித்து எடுத்துவிட்டு லேசர் காட்டுவது ஒன்று. பாலாடையைத் தூக்குகிற மாதிரி மெல்லிய மூடி ஒன்றைத் திறந்து, அடியில் லேசர் காட்டி, மறுபடி மூடுவது இன்னொன்று. இரண்டுக்கும் இடம் கொடுக்காத கண் என்றால் உள்ளே ஒரு லென்ஸை வைத்துவிடுவது மூன்றாவது. ஓவியாவுக்குக் கருவிழி நல்ல கனம், முதல் இரண்டில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். மூடி திறக்கிற முறையில் ஓரிரு நாளில் பார்வை தெளிந்து அடுத்த வாரமே வேலைக்குப் போகலாம். மேல்தோல் எடுக்கிற முறையில் சில நாள் கண்ணைத் திறக்க விடாத வலி, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சொட்டு மருந்து.

“அப்பாவுக்குத் தெரியாததா, அவுகளே சொல்லட்டும்” என்றாள் ஓவியா.

நான் மேல்தோல் எடுக்கிற முதல் முறையைச் சொன்னேன். திறந்த மூடி பழையபடி ஒட்டாது, நாளைக்குக் கைப்பிள்ளை விரலால் குத்தினாலும் நகர்ந்துவிடும் என்று காரணமும் சொன்னேன். அப்படியும் யோசிக்கலாம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். நான் சொன்னதில் பொய் இல்லை சார். ஆனால் மாதக்கணக்கில் என்று அவர் சொன்னபோதே என் மனசுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

லேசர் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தோம். அவளுக்குக் கண் எரிச்சல் தாங்கவில்லை. நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன், தலை வாரிவிட்டேன், கொல்லைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். ஒரு அப்பன் சொல்லக் கூடாதுதான், அந்த நாட்கள் எனக்கு நன்றாக இருந்தன.

பிறகு கண் தெளிந்தது. ஒரு நாள் காலையில் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் காத்திருக்கிறேன், “அப்பா” என்ற சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தால் படுக்கை காலி. கொல்லையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “குமுளி மலையில லாரி ஏறுறது தெரியுதுப்பா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைக்குப் போய்ப் பாதிக் கதவை மூடிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு தூரத்து லாரி தெரிகிறது, பக்கத்தில் துணியோடு நிற்கிறவன் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது சொட்டு மருந்து ஒன்றுதான். நாற்காலியில் சாய்ந்து தலையை மேலே தூக்கிக் காட்டுவாள். நான் இமையை விலக்கி ஒரு சொட்டு விடுவேன். சின்னப் பிள்ளையில் கண்ணாடி மாட்டக் காட்டுவாளே, அதே முகம். அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிக நாள் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும், வலிக்காது, போன பார்வை திரும்பாது, அதனால் மாதாமாதம் வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதை ஓவியாவிடம் சொல்லவில்லை. மருந்து வாங்கப் போன என்னிடம், விவரம் தெரிந்தவன் என்று தனியாகச் சொன்னார்.

முதல் மாதம் கூட்டிப் போனேன். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த மாதம், “டாக்டருக்குப் போன் போட்டுட்டேன்த்தா, இன்னும் கொஞ்ச நாளைக்கு விடச் சொல்றாரு” என்றேன். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னேன். மருந்தை ஒரே கடையில் வாங்கவில்லை. உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என்று மாற்றி மாற்றி வாங்கினேன். சீட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கண் டாக்டரிடம் யார் கேட்பார்கள்.

மருந்து முடியாமல் கல்யாணம் வேண்டாம் என்றேன். தையில் வைத்திருந்தது வைகாசிக்குப் போனது, வைகாசி ஆவணிக்குப் போனது. அருவித் தண்ணீர் கண்ணில் படக் கூடாது என்று சுருளியையும் தள்ளிப் போட்டேன். “இன்னும் எம்புட்டு நாளைக்குப்பா?” என்பாள். ஒரு மாசம் என்பேன். சரி என்று தலையைச் சாய்ப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து சேர்ந்து திரும்பும்போது, “பஸ் லைட்டச் சுத்தி வானவில்லு மாதிரி தெரியுதுப்பா, அழகா இருக்கு” என்றாள். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். அதற்குச் சில மாதம் கழித்து நிலைப்படியில் தோள் இடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் வைத்த குடத்தைத் தட்டிவிட்டாள். வகுப்பில் ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் தெரியவில்லை என்று வேலையை விட்டாள். கண் முகாம்களுக்கு உதவிக்குப் போகிறவன் நான். கடமலைக்குண்டு முகாமுக்கு வந்த பிச்சைமணி என்ற விவசாயி, மூங்கில் குழாய்க்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னதை நின்று கேட்டிருக்கிறேன். அவருக்கும் அழுத்தம்தான்.

ஈஸ்வரபாண்டி வீட்டுக்கு நானே போய்ப் பெண்ணுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். மறைத்துக் கட்டிக் கொடுத்தால் அது பாவம். பையன் அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தான். அவனைப் பெற்றவர்கள் வரவில்லை. கடைசியில் அவனும் வரவில்லை. “அவுக வீட்டுல என்ன சொல்றாக?” என்று ஓவியா கேட்டபோது, நான் இருக்கிறேன் அல்லவா என்றேன். அன்றைக்கு என் தோளில் சாய்ந்து ரொம்ப நேரம் அழுதாள். மறுநாள் காலையில் கண் விழித்ததும் “அப்பா” என்று கூப்பிட்டாள். எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன் தெரியுமா. கைப்பிடித்துக் கூட்டி வந்து முகம் கழுவிவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் மனசு ஆறட்டும் என்றுதான் போன மாதம் சுருளிக்குக் கூட்டிப் போனேன். கம்பியைப் பிடிக்கவைத்துத் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினேன். கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு நின்றாள். “முன்னாடி வெள்ளையாவது தெரிஞ்சுச்சுப்பா” என்றாள். ஈரத் தலையோடு கம்பியைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “மருந்து முடியிற வரைக்கும் கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னீக. இன்னைக்கு மட்டும் எப்படிப்பா பரவாயில்ல?”

துண்டை எடுத்தேன். தலையைத் துவட்டிவிட்டேன். தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருந்ததை மறந்து கூட்டிப் போனேனே, என் தவறு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் யோசித்தவன் அதை யோசிக்காமல் விட்டேன்.

நான் சரக்கு எடுக்கப் போன ஒரு நாளில், அவளோடு வேலை பார்த்த ராமுத்தாய் அவளைத் தேனியில் வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். இத்தனை காலம் இந்த மருந்தை யார் விடச் சொன்னது என்று அவர் கேட்டிருக்கிறார். மதுரைக்கும் போன் போட்டுப் பேசியிருக்கிறார். முதல் மாதத்துக்குப் பிறகு எங்களைப் பார்க்கவே இல்லை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓவியா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக் காட்டினாள். நானும் இரண்டு கண்ணிலும் விட்டேன்.

“இதோட முடிஞ்சதாப்பா?” என்று கேட்டாள்.

“இன்னும் ஒரு மாசம்த்தா.”

கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். “அந்தப் பாட்டிலக் குடுங்கப்பா, நானே எடுத்து வச்சுக்கிறேன்.” கொடுத்தேன். அதுதான் உங்கள் மேசையில் இருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு என் முன்னால் கண்ணைத் திறந்து காட்டியிருக்கிறாள். நான் என்ன சொல்வேன் என்று பார்ப்பதற்காகக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை சார். நான் கை வைத்து அவளை ஒரு அடி அடித்தது கிடையாது.

எழுதிக்கொள்ளுங்கள். வானவில் என்று அவள் சொன்ன அன்றைக்கே அழுத்தம் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரியும். அன்றே நிறுத்தியிருந்தால் முக்கால்வாசிப் பார்வை மிஞ்சியிருக்கும், அதுவும் தெரியும். தெரிந்தேதான் அன்று சாயங்காலமும் விட்டேன், அதற்கடுத்த எல்லாச் சாயங்காலமும் விட்டேன். முழுசாகப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. பழையபடி கொஞ்சம் மங்கினால் போதும், காலையில் கண் விழித்தால் என்னைத் தேடினால் போதும் என்று நினைத்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் சொல்லுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என்னை வெளியே விட்டால் நல்லது. ஓவியா பெஞ்சில் இருக்கிறாள் என்றீர்களே. உங்கள் ஸ்டேஷன் வாசல் படிக்குக் கைப்பிடி கிடையாது. நான் இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன். புகார் கொடுக்க அவள் தனியாகவே பஸ் ஏறி வந்தாள், குச்சி ஒன்றைத் தட்டிக்கொண்டு யார் கையையும் பிடிக்காமல் படியேறினாள் என்று சொல்கிறீர்கள். அப்படி இருக்காது சார். நான் இல்லாமல் அவளால் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. கண்ணாடி சரிந்திருக்கிறது, நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.