இறுகிய கைகளின் மருத்துவர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, துணைவியை இழந்து நம் முன்னே அமர்ந்திருக்கும் ரசலையன் ஐயா அவர்களே, கீரிப்பாறை மலையிலிருந்தும் தேங்காய்ப்பட்டணம் கரையிலிருந்தும் கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே, கலங்கிய நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

நான் ஸ்ரீகுமார், இயன்முறை மருத்துவன். மருத்துவர் ராஜபாய் அம்மையார் வடசேரியில் நடத்திய பக்கவாத மறுவாழ்வு நிலையத்தில் தொடக்கம் முதல் அவரோடு பணிசெய்தவன்.

பக்கவாதம் வந்தவர் பிழைத்தாலே போதும் என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறோம். சில வாரங்களில் முழங்கை மடங்குகிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருள்கின்றன. குதிகால் தரையில் பதிய மறுக்கிறது. அந்த மனிதர் அதன்பிறகு எப்படி வாழ்கிறார் என்று யார் கேட்டார்கள்? ராஜபாய் அம்மையார் கேட்டார்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த பொன்னுலிங்கம் அண்ணாச்சியை அவர் மனைவி முத்துக்கனி ஒருநாள் அழைத்து வந்தார். அண்ணாச்சியின் வலது கை கல்லாய் இறுகியிருந்தது. முத்துக்கனிதான் பேசினார்.

“கைய விரிக்க முடியல்ல டாக்டரம்மா. நகம் குத்திப் புண்ணாயிட்டு. நாங்க ரெண்டு பேரு சேந்து இழுத்தும் பாத்தாச்சு.”

“இழுக்காண்டாம். நோவு கையில இல்ல, மூளையிலயாக்கும். தசைய அடக்கி வைக்கியது மூளை. அது கெட்டதுனால தசை தன்பாட்டுக்கு இறுகுது. வெடுக்குன்னு இழுத்தா இன்னும் இறுகும்.”

முன்கைத் தசையில் தளர்த்தும் ஊசி போட்டார். இரண்டு வாரத்தில் விரல்கள் திறந்தன. முத்துக்கனி அந்த உள்ளங்கையை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே அழுதார். இனி எப்போது பால் வெட்டும் வெட்டுக்கத்தியைப் பிடிக்கலாம் என்று அண்ணாச்சி கேட்டார். அன்றைய நோயாளிகள் கூட்ட நெரிசலில் யாரும் அவருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. சில மாதங்களில் மருந்தின் வேகம் குறைந்தது, கை மறுபடி மடங்கியது, அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இப்படி வராமல் போகிற நோயாளியைத் தேடி எத்தனை மருத்துவர்கள் போவார்கள்? அம்மையார் தோட்டத்து பஸ்ஸில் ஏறிப் போனார். நானும் கூடப் போனேன். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தொறந்து தந்திய. இப்பம் பழையபடி அடச்சிட்டு. எதுக்கு ஆசை காட்டினிய?”

அம்மையார் அவர் அருகில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“ஊசி மூளையச் சரியாக்காது அண்ணாச்சி. கொஞ்ச காலம் தசையத் தளத்தித் தரும், அவ்வளவுதான். அந்தக் காலத்துல கைக்குத் திரும்பத் திரும்ப வேல குடுத்தா, கெடாத மூளை அந்த வேலையப் படிக்கும். எவ்வளவு படிக்கும்னு எனக்குத் தெரியாது. வெட்டுக்கத்தி பிடிப்பியன்னு நான் சொல்லமாட்டேன்.”

“முந்தியே சொல்லியிருக்கலாம்லா?”

“ஆமா. சொல்லியிருக்கணும்.”

அதன்பின் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசாமல் அவர் யாருக்கும் ஊசி போட்டதில்லை. அண்ணாச்சி திரும்பி வந்தார், பயிற்சி செய்தார். சட்டைப் பொத்தான் போடவும் டம்ளரைப் பிடிக்கவும் கை பழகியது. பால் வெட்டும் வேலைக்கு அவரால் போக முடியவில்லை. இதை வெற்றி என்று அம்மையார் ஒருநாளும் மேடையில் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் சென்ற ஆண்டு அதே நோய் தாக்கியது. பேச்சுக்குப் பாதிப்பில்லை. இடது கை இறுகியது. பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒருநாள் சொன்னார்:

“ஸ்ரீகுமார், கொஞ்சம் இறுக்கமா இருக்கும்னு எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன். கொஞ்சமில்ல. வேற ஆருக்கயோ கை எனக்க தோள்ல தொங்கி இழுக்க மாதிரி இருக்கு. கொட்டாவி விட்டாக்கூட இறுகுது.”

மூளையின் பாதைகளை எங்களுக்கெல்லாம் வரைந்து காட்டியவர், பயிற்சிக் கோப்பையைத் தட்டிவிட்டு அழுத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் மலையிலிருந்து இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி. ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது.

“இண்ணைக்கு வராது. நாளைக்கும் வராது. பெறவு வந்தாலும் வரும், வராட்டா இல்ல. கோப்பைய எடுங்க டாக்டரம்மா.”

அம்மையார் எடுத்தார். தனக்கும் ஊசி போட்டுக்கொண்டார், பயிற்சி செய்தார், பாதி திறந்த கையோடு நிலையத்துக்குத் திரும்பினார். நோயாளியின் கையை நான் பிடித்துக்கொள்ள, நாற்காலியில் அமர்ந்தபடி வலது கையால் ஊசி போட்டார். சென்ற வாரம் இரண்டாம் முறை வந்த பக்கவாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் புகழ் என்றும் வாழும் என்று சொல்லி இறங்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கடைசியாக ஊசி போட்டவர்கள் சிலர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவரை அடக்கம் செய்துவிட்டோம். அவர் செலுத்திய மருந்து உங்கள் தசைகளில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. மூன்று மாதம் போல இருக்கும், பிறகு தீரும். அந்த ஊசியைப் போட எனக்கு உரிமையில்லை. அவர் இடத்துக்கு வர ஒரு மருத்துவரும் இதுவரை கிடைக்கவில்லை. தீர்ந்த பிறகு என்ன செய்வோம்? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவரிடம்தான் கற்றேன்.

மேடையில் இருக்கும் மருத்துவர்களே, உங்களில் ஒருவர் வரும்வரை உங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் வந்து நிற்பேன். இது அவர் பெயரால் நான் எடுக்கும் உறுதி. ஊசி போட்டுக்கொண்டவர்களே, திங்கட்கிழமை நிலையம் திறந்திருக்கும். துக்கத்துக்காக ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். விரல்கள் விரிந்திருக்கும்போதே வந்துவிடுங்கள்.