எட்டு லிட்டர் மாடு

— வித்த மாட்டைக் கொண்டாந்து என் கேட்டுல கட்டினா இன்னா அர்த்தம் யமுனா? சட்டப்படி இது டிரெஸ்பாஸ்.

— எட்டு லிட்டர் கறக்கும்னு சொல்லி வித்தியே சர்பஞ்சு சார், அதுக்கு இன்னா சட்டம்?

— மாஜி சர்பஞ்சுன்னு சொல்லும்மே. இல்லாத பதவியைச் சொல்லிக்கிறவன் இல்ல இந்த ரங்கையா.

— அப்ப கேட்டு போர்டுல இன்னும் சர்பஞ்சுன்னே கீதே?

— அது... பெயிண்டர் மிஸ்டேக்கு.

— மாட்டு விசயத்துல யாரு மிஸ்டேக்கு?

— உன்னுது! வாங்குறவங்கதான் பாத்து வாங்கணும். உன் கண்ணெதிர்லயே கறந்து காட்டினேனா இல்லியா? குண்டான் ரொம்பி வழிஞ்சிதா இல்லியா?

— முந்தின நாளு ரெண்டு வேளையும் கறக்காம மடியில தேக்கி வெச்சா ஏன் வழியாது? காம்புல கை பட்டாலே துடிச்சுது பாவம். புது ஆளைப் பாத்து மிரளுதுன்ன. என் ஊட்டுல வேளைக்கு ஒன்னரை லிட்டர். பால் சென்டர்காரன் கேனை ஆட்டிப் பாத்துச் சிரிக்கிறான். மகளிர் குழு லோனு சார் இது. நான் கட்டலன்னா பத்து பொம்பளைங்க தலையில விடியும்.

— அதாவது, தெரிஞ்சு சொன்னாத்தான் மோசடி. தெரியாம சொன்னா மிஸ்டேக்கு. எங்க ஊட்டுல பால் கறக்குறது என் பொண்டாட்டி. எத்தினி லிட்டருன்னு எனக்கு இன்னா தெரியும்?

— தெரியாம சொல்லியிருந்தாலும் வியாபாரத்தை ரத்து பண்ணலாமாம். சித்தூருல வக்கீலைக் கேட்டுக்கினுதான் வந்தேன்.

— போடு கேஸு! பதினஞ்சு வருசம் இழுக்கும். அதுக்குள்ள மாடே போய்ச் சேந்துடும்.

— இழுக்கட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இத்த ஓட்டிக்கினு வரேன். ஜட்ஜு எதிர்ல குந்தி நீயே கறந்து காட்டு.

— ஏய் வள்ளியம்மா! வெளியே வா. மாடு எத்தினி லிட்டருன்னு இவளுக்குச் சொல்லு.

— ஒரு நாளைக்கு மூணு. அதுல ஒன்னு உங்க காபிக்கே போவும்.

— ஊட்டு மானத்தை வாங்காதடி!

— எங்க நைனாகிட்ட எட்டு ஏக்கர் கீதுன்னு சொல்லித்தானே என்னைக் கட்டினீங்க? அப்பவே போச்சு மானம்.

— யம்மா, எனக்கு உங்க சண்டை வேணாம். என் பணம் வந்தாப் போதும்.

— வரும் யமுனா. அதுவரைக்கும் அவரு புல்லட்டு சாவியை நீ வெச்சிக்கோ. போன வாரம் நான் நகரிக்குப் போய்ட்டு வந்து மாடு எங்கன்னு கேட்டா, சீக்குன்னு திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சிகிறேன்னாரு. அது எங்க அண்ணன் எனக்கு வாங்கிக் குடுத்த மாடு.