சுவர் விற்றுப்போன பாட்டு

பாராட்டு விழாவின் நடுநாயகமாக வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! தலைவருக்கே தலைவராக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார் அவர்களே! என்னோடு போட்டி போட்டு, என்னையும் வளர்த்துவிட்ட மூத்த வியாபாரிகளே! வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சரக்கு இறக்கிய கையோடு வந்திருக்கும் என் கிடங்குத் தோழர்களே! பெரிய இசை நிறுவனத்திலிருந்து பெருமனதோடு வந்திருக்கும் மேலாளர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இன்னும் ஒருவரை விளிக்க வேண்டும். அந்த விளிப்பைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

நான் மெத்தை வியாபாரி. பேசியே தூங்க வைப்பவர்கள் பலர் இருக்கும் மேடைகளில், பேசாமலே தூங்க வைப்பவன் நான். சிரிக்காதீர்கள், தலைவர் என்னைப் பார்க்கிறார்!

'இப்போ கேக்குதா' என்ற பாட்டை அறியாத காது இந்த மண்டபத்தில் உண்டா? முணுமுணுக்காத வாய் உண்டா? அதை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் யார்? பருவப் பெண்ணா? பாட்டுப் பள்ளியில் பயின்றவரா? இல்லை. கல்லூரி செல்லும் இரண்டு பிள்ளைகளின் தாய். என் கடையின் கல்லாவில் அமர்ந்து, தெருவின் இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பி எழுப்பித் தொண்டை கரகரத்துப்போனவர். என் மனைவி.

பாட்டைப் பதிவு செய்ய ஸ்டுடியோ தேடினோம். என் மைத்துனர், ஹெட்போன் கழுத்தைவிட்டு இறங்காததால் பெயரே 'ஹெட்போன்' ஆகிவிட்டவர், ஒரு வழி சொன்னார். "ஸ்டுடியோ எதுக்கு மாமா? கிடங்குல மெத்தைய நாலு பக்கமும் நிமித்தி வைங்க. ஈ பறக்கிற சத்தம்கூட உள்ள வராது."

வைத்தோம். மெத்தையே சுவர், மெத்தையே கதவு. முதல் பாதியைப் பாடினார். கணவன், பிள்ளை, அண்டை அயல் என்று யாரிடம் எதைச் சொன்னாலும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு பெண்ணின் முணுமுணுப்பு அது. காதோடு காதாகச் சொல்வதுபோல் அத்தனை நெருக்கமாகப் பதிந்தது.

மறுநாள் இரண்டாம் பாதிக்குப் போனால், ஒரு பக்கச் சுவரைக் காணோம்! கிடங்குக் கண்காணிப்பாளரைப் பிடித்தேன்.

"எங்கய்யா என் சுவரு?"

"எந்தச் சுவருண்ணே? லாட்ஜுக்காரர் அவசரம்னார். கைக்கு எட்டின சரக்க ஏத்திவிட்டுட்டேன்."

"அது ஸ்டுடியோய்யா!"

"என் கண்ணுக்கு மெத்தையாத்தான் தெரிஞ்சுது."

அதோ பின்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரேதான்! கைதட்டுங்கள், தட்டலாம்.

ஹெட்போன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இன்னிக்கு வேணாம். கூரைத் தகரத்துல குரல் மோதும்."

என் மனைவி கேட்டாரே ஒரு கேள்வி! "மோதட்டுமேடா. மொத பாதியில அவ மெல்லச் சொன்னா, ஒருத்தரும் கேக்கல. இப்பவும் மெத்தைக்குள்ளயே நின்னு சொல்லணுமா? மைக்கைப் போடு!"

போட்டார். 'இப்போ கேக்குதா?' என்று பாடினார். தகரம் திருப்பிக் கேட்டது. தகரத்தைத் தாண்டித் தெரு கேட்டது. லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஆனால் ஊர் உடனே கேட்டதா? வானொலி நிலையத்தார், பாதியில் சத்தம் மாறுகிறது, பழுதான பதிவு என்று திருப்பி அனுப்பினார்கள். உறவினர்களோ, "இந்த வயசுல பாப் பாட்டா? ஏங்க, கடை நல்லாத்தானே ஓடுது?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

பாட்டை நாங்களே இணையத்தில் ஏற்றினோம். அது நடந்தே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போனது. ஒரு தையல் ஆலை. ஓடாத மின்விசிறியைச் சரிசெய்யச் சொல்லிச் சொல்லிப் பெண்களுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து நின்றார். எல்லாத் தையல் எந்திரமும் ஒரே நேரத்தில் நின்றது. ஒரே குரலில் எழுந்தது: 'இப்போ கேக்குதா?' அன்று மாலையே விசிறி சுழன்றது! என்னம்மா, உண்மைதானே? கையைத் தூக்குகிறார்கள் பாருங்கள், அவர்களேதான்!

அதன் பிறகுதான் மேலாளர் அவர்கள் கடைக்கு வந்தார். "வரிகள் பிரமாதம். மெட்டு பிரமாதம். குரல் மட்டும் கொஞ்சம் முத்தல். ஒரு சின்னப் பொண்ண வச்சு, நல்ல ஸ்டுடியோவுல சுத்தமா எடுத்துடுவோம். பழசை நீக்கிடுங்க." இதை அவர் என்னிடம் சொன்னார்! "என்கிட்ட கேட்டா மெத்தை விலைதான் சொல்வேன். பாட்டுக்காரங்க கல்லாவுல இருக்காங்க, அங்க கேளுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தயங்கினார். "நல்ல குரல்ல வந்தா இன்னும் நெறைய பேருக்குப் போய்ச் சேருமோங்க?"

ஒரு வியாபாரியாகப் பதில் சொன்னேன். எல்லாம் பிரமாதம், இது மட்டும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அந்த 'இது'தான் சரக்கு! கரகரப்பை எடுத்துவிட்டால் யாருடைய பாட்டு அது? தகரத்தை எடுத்துவிட்டால் எங்கே மோதும் அந்தக் கேள்வி? சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொண்டை பாடாமல், இனிமேல்தான் சொல்லத் தொடங்கப்போகும் தொண்டையா பாடும்? ஆனாலும் முடிவு உன்னுடையது என்றேன்.

இன்று காலை கல்லாவில் உட்கார்ந்தபடியே முடிவைச் சொன்னார். "அவரை விழாவுக்கு வரச் சொல்லுங்க. பதில அங்க பாடிடறேன்."

மேலாளர் அவர்களே, எழுந்துவிடாதீர்கள், காபி வருகிறது! உங்கள்மேல் கோபமில்லை. மெத்தை வேண்டுமானால் கடைக்கு வாருங்கள், விலை பேசுவோம். குரலுக்கு விலை பேச வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், தாய்மார்களுக்கும், என் சுவரை ஏற்றி அனுப்பிய தோழருக்கும் நன்றி. கையிருப்பில் வைத்த அந்த விளிப்பை இப்போது எடுக்கிறேன். இத்தனை காலம் "ஏம்மா" என்று மட்டுமே கூப்பிட்ட வாயால், இந்தச் சபை அறியக் கூப்பிடுகிறேன்.

பாடகி அவர்களே! மேடைக்கு வாருங்கள். இங்கே எந்தப் பக்கமும் மெத்தை இல்லை. இரண்டாம் பாதியிலிருந்தே தொடங்குங்கள். வணக்கம்!