கையைத் தொட்டுக்கிட்டு

அவனை அடிக்காதீங்கக்கா. அம்மா அம்மான்னு எத்தனை வாட்டி கூப்புடறான், என்னன்னுதான் கேளுங்களேன். வாந்தி வருதாமா? பாருங்க. இப்படி ஜன்னலோரம் உடுங்க. இந்தக் கவர்ல எடு சாமி. பஸ்ஸு மலை எறங்க இன்னும் பன்னெண்டு ஹேர்பின் பெண்டு இருக்குதுங்களே.

மரியாதை தெரியாதவன்னு சொல்லாதீங்க, பாவம்.

மடியில தூங்கறது எம் பொண்ணுங்க. மோனிஷா. ஏழு வயசு. ஒண்ணுதானுங்களாவா? இப்ப ஒண்ணுங்க.

நான் கான்வென்ட்ல படிச்சவளுங்க. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசக்கூடாது, அவங்க கையைத் தொட்டுக்கிட்டு நிக்கோணும், திரும்பிப் பாத்தா எக்ஸ்க்யூஸ் மீ சொல்லோணும். இவளுக்கு மூணு வயசுலயே பழக்கிட்டேன். தலைச்சோலையில எங்க ஊட்டுக்காரர் காப்பி எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர். வர்றவங்கெல்லாம் கேப்பாங்க, புள்ளைய எப்படிங்க இப்படி வளத்தீங்கன்னு. எனக்கு நொம்பப் பெருமை.

போன மாசம் காப்பிப் பழம் பறிக்கற சமயம், முதலாளியம்மா வந்தாங்க. களத்துல நின்னு பேசிட்டிருந்தோம். இவ ஓடியாந்து என் கையைத் தொட்டா. அந்தம்மா பாத்துட்டு, என்ன பொறுமைங்க, எம் பேரன் வாய் ஒரு நிமிசம் சும்மா இருக்காதேன்னாங்க.

அங்கதானுங்க. முடிஞ்ச பேச்சை நான் திருப்பி எடுத்தேன். பெங்களூர்ல குளிருங்களா, பேரன் எந்த ஸ்கூலுங்கன்னு. நிக்கட்டும், அந்தம்மா இன்னுங் கொஞ்சம் பாக்கட்டும்னு. இவ கை ஈரமா இருந்துச்சு. பனின்னு நெனச்சேன். நடுங்குச்சு. குளிருன்னு நெனச்சேன்.

எவ்வளவு நேரமா? அஞ்சு நிமிசம் இருக்குமுங்க.

அப்பறந்தான் திரும்பி, சொல்லு கண்ணுன்னேன். எக்ஸ்க்யூஸ் மீ அம்மா, தம்பி தொட்டியில உளுந்துட்டான்னு சொன்னா.

பழம் ஊறப்போடற தொட்டிங்க. அவனுக்கு ரெண்டு வயசு.

அழாதீங்கக்கா, உங்க பையன் பாக்கறான்.

இவளைத்தான் சேலத்துக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். காய்ச்சலெல்லாம் இல்லீங்க. கேட்டாத்தான் பேசறா. பாத்ரூம் போவோணும்னு டீச்சர்கிட்டச் சொல்லாம, கிளாஸ்லயே நனைச்சுக்கறா. போன வாட்டி பாத்தப்ப, இன்னைக்கு இவகிட்டத் தனியாப் பேசோணுமுன்னாரு டாக்டரு.

இவ ஏன் இப்படி ஆயிட்டான்னு அவரு கேட்டா என்னத்தச் சொல்றது. உங்களுக்குச் சொல்லலாம், நீங்க பஸ் ஸ்டாண்டுல எறங்கிப் போயிருவீங்க.

அன்னைக்கு எங்க ஊட்டுக்காரர் வந்து, எப்படி ஆச்சுன்னு கேட்டாருங்க. அந்தம்மா காருல போயாச்சு. பொண்ணு நேரங் கழிச்சு வந்துதான் சொன்னான்னு சொல்லிட்டேன். அன்னையிலிருந்து அவரு இவ மூஞ்சியப் பாக்கறதில்ல.

இவளுங்களா? நான் அதைச் சொல்றப்ப பக்கத்துலதானுங்க இருந்தா. குறுக்க பேசல. என் கையைத் தொட்டுக்கிட்டு நின்னா.

நான் திரும்பலீங்க.