பட்டியலில் பத்து, பஸ்ஸில் ஒன்பது

காலை 6:40. மூன்றாவது குண்டு.

முதலில் ஒரு விசில். பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் மோசம். பிறகு தரை எழும்பி அடங்குகிறது. கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டுகிறது. ஜெனரேட்டர் இருமி நிற்கிறது. இருட்டு.

"எறங்குங்க! எல்லாரும் கீழ எறங்குங்க! படியில நிக்காதீங்க!"

தங்கவேலின் குரல். நாங்கள் வேலை பார்த்த வெளிநாட்டு மருத்துவமனையில் ஜெனரேட்டர், ஏசி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் அவர்தான் மெக்கானிக். அந்தியூர் பக்கத்து ஆள். நான் நர்ஸ். போத்தனூர். பெயர் ஜெசிந்தா. அங்கே எல்லாருக்கும் சிஸ்டர்.

அந்த நாட்டின் பெயரை எழுதவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

சண்டை தொடங்கி ஆறாம் நாள். வியாழக்கிழமை. பதினோரு இந்தியர்கள் அடித்தளத்தில், துணி வெளுக்கும் அறையில் கிடக்கிறோம். தொட்டியில் தண்ணீர் ஒரு விரல் உயரம். இன்றைக்குத்தான் கிளம்ப வேண்டும்.

எங்களில் மூத்தவர் லீலாம்மா. சமையல்காரர். பாலக்காட்டுக்காரர். முதல் நாள் இருட்டில் படியில் விழுந்தார். இடது கால் முறிந்தது. துடைப்பக் கட்டை இரண்டை வைத்துக் கட்டினேன். ஆறு நாளாக அவர் சத்தம் போட்டு அழவில்லை. பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

திங்களன்று தூதரகத்துக்கு நாற்பத்தொரு முறை போன் செய்தேன். மணி அடித்தது. பதிவு செய்த குரல் வந்தது. வரிசையில் இருங்கள் என்றது. துண்டித்தது. செவ்வாயன்று போனுக்கு ஒரு படிவம் வந்தது. நிரப்பி அனுப்பினோம். பத்துப் பேருடையது போனது. லீலாம்மாவுடையது போகவில்லை. அவருடைய பாஸ்போர்ட் அலுவலகப் பீரோவில் இருந்தது. அந்தக் கட்டடம் இரண்டாம் நாளே எரிந்துவிட்டது. பாஸ்போர்ட் எண் இல்லாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. நான்கு முறை முயன்றோம். கடைசியில் தங்கவேல் தன் படிவத்தில், 'பிற விவரங்கள்' என்ற கட்டத்தில் எழுதினார். என்னோடு ஒரு அம்மா இருக்கிறார். கால் முறிந்தவர். அவரையும் சேர்த்துக்கொள்ளவும்.

யாராவது படித்தார்களா, தெரியாது.

அன்று மாலை 4:10க்கு அப்பா கிடைத்தார். இரண்டு நிமிடம்.

"டிவியில சொல்லிட்டாங்க கண்ணு. ஒருத்தரைக்கூட உட்டுட்டு வரமாட்டாங்களாம். எல்லார்கிட்டயும் பேசியாச்சாம்."

"எங்ககிட்ட யாரும் பேசலைங்கப்பா."

"பேசுவாங்க. நம்ம கவர்மெண்ட்டு கண்ணு."

அப்பா ரயில்வேயில் கேங்மேன். முப்பத்து நான்கு வருடம் தண்டவாளத்தில் நின்றவர். அவருடைய அப்பா கூலிக்கு வயலில் குனிந்தவர். அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஆஸ்பத்திரி கிடைத்தது. நான் படித்தேன். அவருக்கு அரசாங்கம் என்றால் சொன்ன நேரத்துக்கு வரும் ஒன்று. அவர் சொன்னபோது நானும் நம்பினேன்.

புதன் மாலை 5:25. குறுஞ்செய்தி. மறுநாள் காலை ஒன்பது மணி. விளையாட்டு மைதானத்தின் மேற்கு வாசல். அங்கே வந்து சேர்வது அவரவர் பொறுப்பு. ஏழு கிலோமீட்டர். நடுவில் இரண்டு படைகள்.

வியாழன் 7:15. ஆம்புலன்ஸ் கிளம்புகிறது. தங்கவேல் ஓட்டுகிறார். மூன்று இடத்தில் நிறுத்துகிறார்கள். இரண்டாவது இடத்தில் ஒருவன் துப்பாக்கி முனையைத் தங்கவேலின் கன்னத்தில் வைக்கிறான். தங்கவேல் அசையவில்லை. விரலை மட்டும் பின்னால் நீட்டி லீலாம்மாவின் காலைக் காட்டுகிறார். அவன் பார்க்கிறான். போகச் சொல்கிறான்.

8:35. மைதானத்துக்கு முந்நூறு மீட்டர் முன்னால் முள்கம்பி. வண்டி உள்ளே போகக் கூடாது. ஆம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சர் வேறொரு நோயாளியோடு போய்விட்டிருந்தது. லீலாம்மாவை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பத்துப் பேரும் நடந்தோம். ஸ்ட்ரெச்சர் கேட்டு வாங்கி வரலாம் என்று.

வாசலில் இரண்டு பஸ்கள். ஒரு மேசை. வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர். கையில் பட்டியல். நூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள். லீலாம்மாவுக்காக ஸ்ட்ரெச்சர் கேட்டேன்.

பேர் பட்டியலில் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். பட்டியலில் இல்லாதவரை ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். அதையும் எழுதிவிட வேண்டும்.

தங்கவேல் என்னைத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"நான் போயி முதுகுல தூக்கிட்டு வந்தர்றேனுங்க சிஸ்டர். ஆளை நேர்ல கொண்டாந்து நிறுத்திப்போட்டா ஏத்தித்தான ஆகோணும்? அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டா, இருக்கான்னு சொல்லிப்போடுங்க."

போனார்.

9:05. பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள். 9:12. தங்கவேல் என்ற பெயர் வந்தது.

நான் கையைத் தூக்கினேன். "பிரசன்ட்" என்றேன். பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல.

அதிகாரி நிமிரவில்லை. டிக் போட்டார்.

ஏன் சொன்னேன் என்று பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். டிக் விழுந்தால் அந்த ஆள் ஏறி உட்காரும்வரை பஸ் நிற்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கேங்மேனின் மகள் நான்.

9:14. விசில்.

மைதானத்தின் மறுபக்கம் விழுகிறது. கண்ணாடிகள் உதிர்கின்றன.

"பஸ்ஸை எடு! எடு! எடு!"

கூட்டம் என்னைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் போடுகிறது. கால் தரையில் இல்லை. கத்துகிறேன்.

"நிறுத்துங்க! ரெண்டு பேரு வாராங்க! நிறுத்துங்க!"

அதிகாரி முன்படியில் தொங்குகிறார். பட்டியலைப் பார்க்கிறார். எல்லாரும் ஏறியாச்சு என்று கத்துகிறார். நான் பொய் சொன்னேன் என்று கத்துகிறேன். தமிழில் கத்தினேனா, ஆங்கிலத்தில் கத்தினேனா, நினைவில்லை.

பஸ் திரும்புகிறது. பின்கண்ணாடியில் தங்கவேல் தெரிகிறார். நூறு மீட்டர் இருக்கும். முதுகில் லீலாம்மா. குனிந்து வருகிறார். எங்களைப் பார்த்துக் கை காட்டவில்லை. இரண்டு கையும் அந்த அம்மாவின் காலைப் பிடித்திருந்தன.

9:16. இந்த முறை விசில் கேட்கவில்லை. சத்தம் மட்டும். புழுதி.

புழுதி விலகியது. நான் நர்ஸ். பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும். இருவரும் எழவில்லை. எழ முடியாது.

பிறகு கப்பல். ஒரு முகாம். ஒரு விமானம். அந்த நான்கு நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

திங்கள், மதியம் 2:50. பீளமேடு விமான நிலையம். பேனர். சால்வை. கேமராக்கள். என் முகத்துக்கு நேரே ஒரு மைக்.

"பத்திரமா கூட்டிட்டு வந்த அரசுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?"

"ரெண்டு பேரு வரலைங்க" என்றேன்.

மைக் பக்கத்தில் இருந்தவரிடம் போய்விட்டது. யாரும் கோபப்படவில்லை. மைக் நகர்ந்தது, அவ்வளவுதான்.

கம்பித் தடுப்பை ஒட்டிப் பூங்கொடி நின்றாள். தங்கவேலின் மனைவி. வீடியோ காலில் பார்த்துப் பழகியவள். உங்கள் வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஏர்போர்ட்டுக்கு வாருங்கள் என்று காலையில் போன் செய்திருக்கிறார்கள். அந்தியூரிலிருந்து கார் பிடித்து வந்திருந்தாள். கையில் புதுச் சட்டை ஒன்று, அட்டையோடு.

"ஏனுங்க சிஸ்டர், அவரு பெட்டி எடுத்துட்டு வாராருங்களா?"

"பின்னால வாராருங்க" என்றேன்.

சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே போனேன். அது என் இரண்டாவது பொய். முதல் பொய்யையாவது ஒருவரைக் காப்பாற்றச் சொன்னேன். இதை என்னைக் காப்பாற்றச் சொன்னேன்.

நான்கு நாள் போத்தனூரில் போனை அணைத்துவைத்துக் கிடந்தேன். கதவு அடித்துச் சாத்தும் சத்தத்துக்கே தரையில் படுத்தேன். அந்த நான்கு நாளில் அந்தியூரில் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பூங்கொடி உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். சரிபார்த்துச் சொன்னார்கள். அவர் வந்து இறங்கிவிட்டார். ஊருக்குள் பேச்சு கிளம்பியது. "எறங்கிட்டானாம். ஊட்டுக்கு மட்டும் வரலையாம்." கூட வேலை பார்த்த ஒரு பொம்பளையையும் காணோமாம் என்று யாரோ சொன்னார்கள். கதை முடிந்தது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. வந்து இறங்கினவர் வீட்டுக்கு வரவில்லை என்றால் அது குடும்பப் பிரச்சினை என்றார்கள்.

ஒரு டிக். செத்துப்போன மனிதரை அது ஓடிப்போனவராக ஆக்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு அந்தியூருக்குப் பஸ் ஏறினேன். தங்கவேலின் வீட்டில் அவர் அண்ணனும் சொந்தக்காரர்கள் எட்டுப் பத்துப் பேரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும். 9:12ஐயும். விமான நிலையத்தில் சொன்னதையும்.

பூங்கொடி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தூக்கிட்டு ஓடி வந்தாருங்களா, நடந்து வந்தாருங்களா?"

"வேகமா நடந்தாருங்க. ஓடுனா அந்தம்மாவுக்கு வலிக்குமுன்னு."

அவள் தங்கவேலின் அண்ணன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கோங்க மாமா. ஓடிப்போனவன்னு சொன்னீங்களே. நல்லாக் கேட்டுக்கோங்க."

பிறகு என்னிடம். "உங்களை மன்னிக்க என்னால இப்ப முடியாதுங்க சிஸ்டர். ஆனா கலெக்டர் ஆபீசுக்கு நீங்க என்கூட வரோணும்."

போனேன். ஆறு திங்கட்கிழமை. மனு அப்பா எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"இது டெல்லி லிஸ்ட்டுங்க. இதுல நாங்க கை வெக்க முடியாதுங்க. அங்கயே எழுதிப் பாருங்க."

எழுதினோம். பதில் வந்தது. இந்தியில். எங்கள் மூவருக்கும் படிக்கத் தெரியாது. அப்பா ஸ்டேஷனில் பழைய நண்பர் ஒருவரிடம் எடுத்துப் போனார். ஒரே வரி. குறிப்பிட்ட நபர் பத்திரமாக நாடு திரும்பிவிட்டார், புகார் முடித்துவைக்கப்பட்டது. அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம். அவர் இன்னொரு தடவை படித்தாராம். அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தார். அன்று வீட்டில் டிவி போடவில்லை.

மிச்சமிருந்த ஒரே வழி, நான் பொய் சொன்னேன் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. கலெக்டர் ஆபீஸ் அதிகாரி எச்சரித்தார்.

"உங்க மேலயே நடவடிக்கை வரலாமுங்க. பாஸ்போர்ட்டை முடக்கிப்போடுவாங்க. மறுபடி வெளிநாட்டு வேலை கனவாப் போயிருமுங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். ஆபீசர் சொன்ன சொல்லை வாழ்க்கையில் மீறாதவர்.

"எழுது கண்ணு" என்றார்.

எழுதினேன். என்னோடு திரும்பி வந்த எட்டுப் பேரிடமும் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். மூவர் போட்டார்கள். ஐவர் போடவில்லை. மறுபடி வெளிநாடு போக வேண்டும், வம்பு வேண்டாம் சிஸ்டர் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு கடிதம். இந்த முறை ஆங்கிலத்தில். வருத்தம் தெரிவிக்கவில்லை. தங்கவேலின் பெயருக்கு எதிரே 'நாடு திரும்பினார்' என்பது அடிக்கப்பட்டிருந்தது. 'நிலை உறுதி செய்யப்படவில்லை' என்று இருந்தது. வரவில்லை. சாகவும் இல்லை. அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் காவல் நிலையத்தில் புகாரை வாங்கினார்கள். இறப்புச் சான்றிதழுக்கு ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார் வக்கீல்.

லீலாம்மாவுக்கு ஒரு தங்கை. பாலக்காட்டில். அவர் எழுதிய மனுவுக்கும் பதில் வந்தது. அப்படி ஒருவர் எங்களிடம் பதிவு செய்யவில்லை.

பூங்கொடி ஏழு வருடம் காத்திருக்கவில்லை. அந்த ஆங்கிலத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யார் யார் வாயில் அந்தப் பேச்சு வந்ததோ, அந்த வீட்டுக்கெல்லாம். படித்துக் காட்டினாள். பிறகு கருமாதி வைத்தாள். உடல் இல்லை. சான்றிதழ் இல்லை. தங்கவேலின் அண்ணனே மொட்டையடித்து முன்னால் உட்கார்ந்தார். போட்டோ இரண்டு இருந்தது. ஒன்று லீலாம்மாவுடையது. தங்கை கொடுத்தனுப்பியது. அதற்கும் பூங்கொடி மாலை போட்டாள்.

அதன்பின் தேர்தல் வந்தது. அப்பா காலையிலேயே போய் வரிசையில் நின்றார். வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். "போட்டுட்டேன் கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்பிப் போட்டேன்னு சொல்ல முடியல" என்றார்.

நான் இப்போது பீளமேட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். பட்டாசுச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போகிறேன். கவுண்டரில் யாராவது "பதிவு பண்ணியாச்சு, போங்க" என்றால் போவதில்லை. எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்கிறேன்.

இழந்தவற்றை எழுதி முடிக்கிறேன்.

ஒரு ஆம்புலன்ஸ். பதினோரு பேரின் பெட்டிகள். என் பாஸ்போர்ட், முடக்கிவிட்டார்கள், விசாரணை இன்னும் முடியவில்லை. என் அப்பா டிவி முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்த மாலைகள். பூங்கொடி என்னைச் சிரித்துக் கூப்பிட்ட குரல். இப்போதும் கூப்பிடுகிறாள். சிரிப்பதில்லை.

ஆட்கள். அந்த மருத்துவமனையில் இருந்த இந்தியர்கள் பதினொன்று. பட்டியலில் பத்து. பஸ்ஸில் ஒன்பது. இறந்தவர்கள் இரண்டு. தங்கவேல், முப்பத்தெட்டு வயது. லீலாம்மா, ஐம்பத்து மூன்று.

அரசின் கணக்கில், இன்றுவரை, யாரும் சாகவில்லை.